நெட்டி முறிந்த பிறகுதான் வைத்தியம்

கோத்தகிரிச் சரிவில் கொழுந்து எடுப்பவர் எப்படி நிற்கிறார் என்று கொஞ்ச நேரம் பார்த்தாலே, மலையில் குறுக்கு வலி எப்படி வருகிறது என்பது விளங்கும். மேட்டுப் பக்கத்துக் கால் முட்டி மடங்கியிருக்கும். பள்ளத்துப் பக்கத்துக் கால் விறைப்பாக ஊன்றியிருக்கும். இடுப்பெலும்பு ஒரு பக்கமாகச் சரிந்திருக்க, அந்த நிலையிலேயே செடிமேல் குனிந்து, இரண்டு கையையும் எட்டி நீட்டிப் பறிக்க வேண்டும். பை நிறைய நிறைய எடை முதுகைப் பின்னாலும் கீழேயும் இழுக்கும். ஒரே பத்தியில் ஒரே திசையில் நகர்வதால் ஒரே கால்தான் மணிக்கணக்கில் மேட்டில் நிற்கிறது. சாயங்காலம் பையை இறக்கிவிட்டு நிமிரும்போது ஒரு பக்க இடுப்பு மட்டும் பிடித்துக்கொள்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கேத்தி பள்ளத்தாக்கில் கேரட் மூட்டையைத் தோளில் ஏற்றிப் படி ஏறுபவருக்கு வலி வேறு இடத்தில். ஊருக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே தினமும் முந்நூறு படி இறங்கும் அம்மாவுக்கு முட்டியில். கொண்டை ஊசி வளைவுகளில் நாள் முழுக்க ஸ்டீயரிங் திருப்பும் ஓட்டுநருக்குக் கழுத்திலும் தோள்பட்டையிலும். எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: தைலம், மாத்திரை, அதுவும் கேட்காவிட்டால் ஓர் ஊசி. அதற்குப் பிறகு சுளுக்கு எடுப்பவர். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கைபேசியில் கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சட்டென்று தள்ளிச் செய்யும் சிகிச்சை) வீடியோ பார்த்துவிட்டு, ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் கோயம்புத்தூருக்கு வண்டி ஏறுவது.

அந்தச் சத்தத்தால் பயன் உண்டு. ஆனால் அது தரும் சுகம் சில மணி நேரம், அதிகம் போனால் சில நாள். அந்த அவகாசத்தில் தசைக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்பதில்தான் வலி திரும்புமா திரும்பாதா என்பது இருக்கிறது. கைரோபிராக்டிக்கையும் பிசியோதெரபியையும் சேர்த்துச் செய்வதன் பொருள் இவ்வளவுதான். இதைச் சரியான வரிசையில், சரியான அளவில் செய்யாதபோது இரண்டுக்கும் பணம் கொடுத்துவிட்டு வலியோடு வீடு திரும்ப நேர்கிறது.

சத்தம் எங்கிருந்து வருகிறது

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பால்மர் தொடங்கிய முறை. ‘கையால் செய்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பெயர் வந்தது. முள்ளெலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதுதான் நோய்களுக்கெல்லாம் மூலம் என்று பால்மர் சொன்னார். அந்தக் கொள்கையை இன்றைய மருத்துவ அறிவு ஏற்கவில்லை. சர்க்கரை, ஆஸ்துமா, ரத்தக் கொதிப்பு எல்லாம் முதுகெலும்பைத் திருகினால் தீரும் என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அந்தக் கொள்கையோடு சேர்த்துக் கைவித்தையையும் தள்ளிவிட வேண்டியதில்லை. மூட்டை அதன் அசைவின் எல்லைவரை கொண்டுபோய், அங்கிருந்து மிகக் குறைந்த தூரத்துக்கு, மிக வேகமாக ஒரு தள்ளு. அந்த நொடியில் மூட்டுக்குள் அழுத்தம் சட்டென்று குறைகிறது, உள்ளே இருக்கும் வழுவழுப்பான திரவத்தில் வாயுக்குழி ஒன்று உருவாகிறது, நெட்டி முறிகிறது. விரல் மூட்டு நெட்டி முறியும் கணத்தையே எம்.ஆர்.ஐ.யில் படம் எடுத்து 2015இல் கனடா ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். எலும்பு ‘உட்கார்ந்த’ சத்தமல்ல அது. ‘விலகின டிஸ்க்’ (முள்ளெலும்புகளுக்கு இடையே இருக்கும் மெத்தை) உள்ளே போன சத்தமும் அல்ல. சத்தமே வராமல் பலன் கிடைப்பதும் உண்டு, பலமாகச் சத்தம் வந்தும் ஒன்றும் ஆகாததும் உண்டு. முறிந்த மூட்டு மறுபடி முறிய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். இன்னொரு சத்தத்துக்காக அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் திருகுவதால் மூட்டைச் சுற்றிய தசைநார்தான் நோகும்.

அந்தத் தள்ளு செய்வது என்ன? வலியைக் கண்டு இறுகிப்போன தசை தற்காலிகமாக இளகுகிறது. வலி உணர்வு மட்டுப்படுகிறது. குனிய, திரும்ப வராத மூட்டு சில பாகை கூடுதலாகத் திரும்புகிறது. அவ்வளவுதான், ஆனால் இறுகிய முதுகோடு உடற்பயிற்சி செய்ய முடியாமல் தவிப்பவருக்கு அந்த ‘அவ்வளவே’ பெரிய உதவி.

பிசியோதெரபியின் வேலை இதற்கு அடுத்தது. எவ்வளவு எடையை, எவ்வளவு நேரத்துக்கு, எந்தக் கோணத்தில் உடம்பு தாங்கும் என்பதை வாரக்கணக்கில் கூட்டிக்கொண்டே போவது. மின்னோட்டம் கொடுக்கும் ஐ.எஃப்.டி. மெஷின் பத்து நிமிடம், அல்ட்ராசவுண்ட் ஐந்து நிமிடம், கொஞ்சம் ஒத்தடம், போய் வாருங்கள் என்று அனுப்புவதைப் பிசியோதெரபி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாள்பட்ட குறுக்கு வலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, டிராக்ஷன் (முதுகை இழுத்து வைப்பது), அல்ட்ராசவுண்ட், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியையும், முதுகெலும்புக்கான கைச்சிகிச்சையையும், வலியைப் பற்றி நோயாளிக்கு விளக்கிச் சொல்வதையும் பரிந்துரைப் பட்டியலில் வைத்திருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016இல் இன்னும் கறாராகச் சொன்னது: கைச்சிகிச்சை கொடுக்கலாம், ஆனால் உடற்பயிற்சியும் சேர்ந்த தொகுப்பின் பகுதியாக மட்டும், தனியாகக் கொடுக்காதே. இந்தக் கட்டுரையின் நிலைப்பாடும் அதுவே.

மலைப்பகுதிக்கு ஒரு நல்ல செய்தி, இதற்கு இரண்டு ஆட்கள் கட்டாயம் இல்லை. மூட்டை மெதுவாக அசைத்துக் கொடுப்பதை ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மெய்ட்லண்ட் நான்கு படிநிலையாக வகுத்தார். வலி அதிகம் இருந்தால் ஒன்று, இரண்டு. பிடிப்பு அதிகம் இருந்தால் மூன்று, நான்கு. நெட்டி முறியும் வேகத்தள்ளு ஐந்தாவது படி. இந்தப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரே இரண்டையும் செய்வார். இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிசியோதெரபி இந்தியாவில் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்ட தொழில். கைரோபிராக்டிக்குக்கு இங்கே அப்படி ஒரு பதிவுக் குழுமம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதற்குச் சொன்ன குறைந்தபட்சப் பயிற்சி நான்கு ஆண்டு, 4200 மணி நேரம். அதில் 1000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். ‘எங்கே படிச்சீங்க, எத்தனை வருஷம்?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. இரண்டு வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழோடு ஒருவர் கழுத்தில் கை வைப்பதை நம் கேள்வி ஒன்றுதான் தடுக்கும்.

கை வைக்கும் முன்

முதல் சந்திப்பில் பாதி நேரம் கேள்வியிலும் சோதனையிலும் போக வேண்டும். போகவில்லை என்றால் அந்த இடம் சரியில்லை.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் முன்னால் நினைவுக்கு வர வேண்டியது முதுகெலும்புக் காசநோய். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்வை, படுத்தாலும் குறையாத முதுகு வலி, ஒரே முள்ளெலும்பைத் தட்டினால் சுரீர் என்று வலிப்பது: இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தாலே தள்ளு, திருகு எதுவும் கிடையாது. கிருமி அரித்த எலும்பு அந்த வேகத்தில் நொறுங்கினால் கால் விழுந்துவிடும். இதற்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம்.

சிறுநீர் கட்டிக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது ஆகியவை நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் இது. நாளை பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை. மாதவிடாய் நின்று பல ஆண்டு ஆன, எலும்பு மெலிந்த பெண்களுக்கு வேகத்தள்ளு கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர், புற்றுநோய் இருந்தவர், சமீபத்தில் சரிவில் வழுக்கி விழுந்தவர், மூட்டுகள் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் உள்ளவர் எல்லோருக்கும் அப்படியே. முடக்குவாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் தளர்ந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

கழுத்து தனிக் கணக்கு. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் இரண்டு, கழுத்தெலும்புகளின் துளை வழியாகவே ஏறிப் போகின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிவது அபூர்வம். ஆனால் நடந்தால் பக்கவாதம். இதில் ஒரு நுட்பம் உண்டு. ரத்தக்குழாய் கிழிய ஆரம்பித்தவருக்கு முதலில் வருவதே புது மாதிரியான கழுத்து வலியும் பின்மண்டை வலியும்தான். அதைச் சாதாரணப் பிடிப்பு என்று நினைத்து அவர் திருகலுக்கு வந்து படுத்துவிடலாம். ‘இந்த மாதிரி வலி இதுக்கு முன்னாடி வந்ததே இல்லை’ என்று ஒருவர் சொன்னால், கூடவே தலைசுற்றல், இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், முகத்தில் மரமரப்பு இவற்றில் ஒன்று இருந்தால், கையை எடுத்துவிட வேண்டும். இவை எதுவும் இல்லாதவருக்கும் கழுத்தில் வேகத்திருகல் கட்டாயமில்லை. மெல்லிய அசைவும், நடுமுதுகில் கொடுக்கும் தள்ளும், பயிற்சியும் சேர்ந்தே பெரும்பாலான கழுத்துப் பிடிப்பை இளக்கும். தாடையிலும் மண்டையிலும் பட்டையை மாட்டி ஒரே இழுப்பாக இழுக்கும் வீடியோக்களைப் பார்த்து யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம்.

எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கண்டு பயப்படுபவர்கள் நிறைய. ‘தேய்மானம்’ என்ற ஒரு சொல் போதும், மனிதர் குனிவதையே விட்டுவிடுகிறார். வலியே இல்லாதவர்களின் முதுகைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது, 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதத்தினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. முகத்தில் சுருக்கம் விழுவதுபோலத்தான் இதுவும். மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இல்லாதவர் முதல் ஆறு வாரத்தில் படம் எடுக்க அவசியமில்லை.

ஆறு வாரம் எப்படிப் போகும்

ஓர் எடுத்துக்காட்டு. வயது 46, கொழுந்து எடுக்கும் வேலை. மூன்று வாரமாக வலது குறுக்கில் வலி, பிட்டம்வரை இறங்குகிறது, முழங்காலைத் தாண்டவில்லை. மரமரப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. வலி பத்துக்கு ஏழு.

“அக்கா, அப்படியே நின்ன வாக்குல குனிஞ்சு காட்டுங்க. எங்க பிடிக்குதோ அங்க நிறுத்திடுங்க.”

“இதோ, இங்கதான்மா. சுளீர்ங்குது.”

விரல் நுனி முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. அந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்காமல் தூக்கும் சோதனை: 30 முதல் 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்ந்ததுபோல் வலித்தால் நரம்பு வேர் சம்பந்தப்பட்டிருக்கிறது. இவருக்கு இல்லை. குதிகாலில் நான்கு அடி, முன்பாதத்தில் நான்கு அடி நடக்கச் சொல்வது; பலம் சரியாக இருக்கிறது. நாற்காலியில் கையை மார்போடு கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது? எட்டு. இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்ற பேச்சை நம்பாமல் இந்த மூன்று எண்களை நம்ப வேண்டும்.

அடுத்து, குப்புறப் படுத்து இடுப்பைக் கட்டிலிலேயே வைத்துக்கொண்டு கையை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்துவது, பத்து முறை. பிட்டத்து வலி மேலேறி நடுக்குறுக்குக்கு வந்தால் நல்ல சகுனம், அங்கே கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வலி கீழே இறங்கிக் காலுக்குப் போனால் அந்தப் பயிற்சியை அந்த நொடியே நிறுத்த வேண்டும். நியூசிலாந்தின் ராபின் மெக்கென்சி வகுத்துத் தந்த இந்த ஒரே அடையாளம், எந்தத் திசைப் பயிற்சி ஒருவருக்கு ஒத்துவரும் என்பதை எந்த மெஷினையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

பிறகுதான் கை. தசை இறுகியிருப்பதால் முதலில் மெய்ட்லண்டின் ஒன்றாம், இரண்டாம் படி அசைவு, 30 விநாடி வீதம் மூன்று தடவை. அது இளகிய பிறகு இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, மேல் கால் முட்டியை மடக்கி, தோளைப் பின்னாலும் இடுப்பை முன்னாலும் மெல்லத் திருப்பி, எல்லை தட்டும் இடத்தில் ஒரு சிறு தள்ளு. நெட்டி முறிந்தாலும் முறியாவிட்டாலும் ஒரே முறை, அதிகம் போனால் இரண்டு. எழுந்து மறுபடி குனியச் சொன்னால் விரல் கணுக்காலை நெருங்கும்.

இங்கேதான் பெரும்பாலான இடங்களில் தவறு நடக்கிறது. ‘பாருங்க, சரியாயிடுச்சு’ என்று சொல்லிப் பணம் வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அவர் அன்றைக்கே மூட்டை தூக்குகிறார், அடுத்த நாள் காலை பழைய நிலை. செய்ய வேண்டியது, அந்த இளக்கம் இருக்கும்போதே, அதே அறையில், பத்து நிமிடத்துக்குள் பயிற்சியைத் தொடங்குவது. முதல் நாளுக்கு மூன்று போதும். மேலே சொன்ன மார்பு உயர்த்தல் பத்து முறை. தவழும் நிலையில் வலக்கையையும் இடக்காலையும் நீட்டி 10 விநாடி, பிறகு மாற்றி, பக்கத்துக்கு நான்கு. மூன்றாவது, குனியக் கற்றுக்கொள்வது: விளக்குமாற்றுக் கம்பு ஒன்றை முதுகோடு நெடுக்காகப் பிடித்து, பின்தலை, தோள்பட்டைகளுக்கு நடுவில், வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் அது தொட்டுக்கொண்டே இருக்கும்படி பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனிவது. கம்பு ஏதாவது ஓர் இடத்தில் விலகினால் முதுகு வளைந்துவிட்டது என்று பொருள். கொழுந்து எடுக்கும்போது குனிய வேண்டியது இந்த மாதிரிதான்.

வீட்டில்: மார்பு உயர்த்தல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பத்துத் தடவை, நடை காலையில் பத்து நிமிடம் மாலையில் பத்து நிமிடம், வெந்நீர் ஒத்தடம் 15 நிமிடம். தள்ளுக்குப் பிறகு ஒரு நாள், இரண்டு நாள் உடம்பு வலி இருக்கலாம், அது சகஜம். 48 மணி நேரம் தாண்டியும் இருந்தாலோ காலில் இறங்கினாலோ தகவல் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரம் கைச்சிகிச்சை வாரம் இரண்டு, அடுத்த இரண்டு வாரம் வாரம் ஒன்று, கடைசி இரண்டு வாரம் இல்லவே இல்லை. பயிற்சி இதற்கு நேர்மாறாக ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் வாரம் பக்கவாட்டில் முழங்கை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்பது, மல்லாக்கப் படுத்துத் தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது ஆகியவை சேரும். 10 விநாடி வீதம் ஆறு முறை, ஓய்வு, நான்கு முறை, ஓய்வு, இரண்டு முறை. ஐந்தாம் வாரத்தில் எடை. ரேஷன் அரிசிப் பையில் 5 கிலோ போட்டு முக்காலி உயரத்திலிருந்து எட்டு முறை தூக்கி வைப்பது, மூன்று சுற்று. அது சுலபமானதும் 10 கிலோ, பிறகு 15. பயிற்சியின்போது வலி பத்துக்கு நான்குவரை ஏறலாம். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கியிருந்தால் எடை சரி, இறங்காவிட்டால் ஒரு படி குறைக்க வேண்டும். இந்த எடைக் கட்டத்தைத் தாண்டாமல் ‘வலி போய்விட்டது’ என்று ஐந்தாம் வாரத்தில் நின்றுவிடுபவர்கள்தான் அடுத்த கவாத்து சீசனில் திரும்பி வருகிறார்கள். வேலை 15 கிலோ கேட்கிறது, முதுகு 5 கிலோவுக்குத்தான் தயாராகியிருக்கிறது.

நான்கு அமர்வுக்குப் பிறகும் வலி இரண்டு புள்ளிகூடக் குறையவில்லை என்றால் ஐந்தாவது முறை தள்ளினால் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும். 24 அமர்வு, 36 அமர்வு என்று முன்பணம் வாங்கும் தொகுப்புத் திட்டங்களை நாம் சந்தேகிப்பது இதனால்தான்.

முட்டிக்குத் திருகல் தேவையில்லை

மூட்டுத் தேய்மானத்தில் நெட்டி முறிக்கும் வித்தைக்குப் பெரிய வேலை கிடையாது. முழங்கால் சில்லை மெல்ல அசைத்துக் கொடுப்பது, முழுதாக நீளாத முட்டியை நீட்ட உதவுவது, அதோடு சரி. பாரத்தைத் தாங்க வேண்டியது முன்தொடைத் தசையும் பிட்டத் தசையும். சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு; படி இறங்கும்போது மூன்றரை மடங்கு. செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக்கருவி பொருத்திப் பார்த்த கணக்கு இது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது முட்டி வலிக்கிறது என்று மலைக்காரர்கள் சொல்வதில் அத்தனையும் உண்மை.

ஆகவே பயிற்சியும் இறக்கத்துக்கானதாக இருக்க வேண்டும். வாசற்படி ஒன்றின் விளிம்பில் நோயுள்ள காலை ஊன்றி, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று எண்ணிக்கையில் மெதுவாக முட்டியை மடக்குவது. முதலில் அரையடிக்கும் குறைவான படி, எட்டு முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முட்டி உட்பக்கமாகச் சாயாமல் இரண்டாவது கால்விரலின் நேரே வர வேண்டும். சாய்ந்தால் பிட்டத் தசை போதவில்லை, பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்கும் பயிற்சியை முதலில் கொடுக்க வேண்டும். கைத்தடி வலியில்லாத பக்கத்துக் கையில். உயரம், கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்புவரை. செங்குத்தான இறக்கத்துக்கு நான்கு விரற்கடை நீளமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தடியைத் தேடி உடம்பு முன்னால் குனியும்.

குளிர், தைலம், கொண்டை ஊசி வளைவு

இரவு படுத்திருக்கும்போது டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன; காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக எழுகிறோம். உப்பிய டிஸ்க் குனிவதை விரும்பாது. எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனியாமல் இருந்தாலே நாள்பட்ட குறுக்கு வலி குறைவதை 1998இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மலையில் அதே நேரத்தில் உறைபனிக் குளிரும் சேர்கிறது. குடத்தைத் தரையிலிருந்து தூக்குவதை, விறகடுப்பு முன் குந்துவதை, குனிந்து பெருக்குவதை எட்டு மணிக்குத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவைக்கலாம். குடத்தை முந்தின இரவே மேடைமேல் வைத்துவிடலாம். பயிற்சிக்கு முன் ஸ்வெட்டரைக் கழற்றாமல் ஐந்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடந்து உடம்பு சூடான பிறகு தொடங்க வேண்டும்.

தைலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீலகிரியில் விற்கும் விண்டர்கிரீன் எண்ணெய் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட்தான், கடைகளில் கிடைக்கும் வலி பாம்களில் இருக்கும் அதே சரக்கு. தேய்த்தால் சுகம் தரும், தேய்க்கலாம். தேய்த்த இடத்தின்மேல் வெந்நீர்ப் பையை வைத்தால் தோல் கொப்பளித்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான மருந்து இருக்கிறது. குழந்தை குடித்தால் உயிர் போகும். யூகலிப்டஸ் தைலப் பாட்டிலோடு சேர்த்து எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

கோவைக்குப் போய்ச் சிகிச்சை எடுத்துக்கொண்டு அன்றே மலையேறுகிறவர்கள் பலன் பாதியை வழியில் தொலைத்துவிடுகிறார்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் ஒவ்வொரு குலுக்கலும் குறுக்கில் இறங்கும். நடுவில் அல்லது முன்பக்கம் உட்கார வேண்டும். துண்டை உருட்டி இடுப்பு வளைவில் வைத்துக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் ஒருமுறை, குன்னூரில் ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். ஊர் வந்ததும் எழுந்து உடனே மேலே இருக்கும் பையை இழுக்கக் கூடாது. சில நிமிடம் நின்றுவிட்டு எடுக்கலாம். கழுத்துக்குச் சிகிச்சை எடுத்த அன்று வளைவுகளில் தூங்கித் தலையைத் தொங்கவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். முடிந்தால் கைச்சிகிச்சைக்கு மட்டும் நாலைந்து முறை கீழே போய்விட்டு, பயிற்சியை ஊரிலேயே தொடர்வது நல்லது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் உண்டு. நடமாட முடியாதவர் வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும்.

இரண்டு பேரிடம் சிகிச்சை எடுக்கிறவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தத் தேதி, எந்த மூட்டில், என்ன செய்தார்கள், வலி எவ்வளவு என்று நான்கு கட்டம் போதும். கைரோபிராக்டர் இடுப்பைத் திருகிய அன்றே, அது தெரியாமல் பிசியோதெரபிஸ்ட் முழு எடைப் பயிற்சி கொடுத்து, மறுநாள் எழ முடியாமல் போனால் தவறு யார் மேல் என்று சொல்ல முடியாது. நோட்டு இருந்தால் அந்தப் பயிற்சி நடந்தே இருக்காது. இன்னொரு வகைச் சிக்கலையும் இது காட்டிக்கொடுக்கும். இயல்பிலேயே மூட்டு தளர்ந்தவர்கள் உண்டு. கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும். இவர்களுக்குப் பிடிப்பு வருவது மூட்டு இறுகியதால் அல்ல, தளர்ந்த மூட்டைக் காக்கத் தசை இறுக்கிப் பிடிப்பதால். வாராவாரம் நெட்டி முறித்தால் மூட்டு மேலும் தளரும், தசை மேலும் இறுகும். பத்து அமர்வுக்குப் பிறகும் வலி எண் ஒரே இடத்தில் நிற்பதை நோட்டு சொல்லிவிடும்.

சரிவுக்குத் திரும்பும்போது செய்ய வேண்டியது இரண்டே. முதலாவது, பத்தியின் முடிவில் திரும்பி எதிர்த்திசையில் வருவது. மேட்டில் நின்ற கால் பள்ளத்துக்கு மாறிவிடும். இரண்டாவது, எடை. முதுகுத் தசை முள்ளெலும்பிலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்திருக்கிறது. 10 கிலோ பையை உடம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளித் தூக்கினால் அந்தத் தசை 80 கிலோவுக்கு இழுக்க வேண்டும். 20 சென்டிமீட்டருக்குள் அணைத்துத் தூக்கினால் 40 கிலோ. பை முதுகோடு ஒட்டி, இரண்டு தோளிலும் பட்டை மாட்டி, பிட்டத்துக்குக் கீழே தொங்காமல் இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பை பாதி நிறைந்ததும் கொட்டிவிட்டு வர, எடை போடும் இடத்துக்கு ஒரு நடை கூடும். அந்த நடைக்கு நேரம் கொடுக்கும்படி மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.